ரெண்டு லாட்டு மாத்திரை

“ஏனுங் கண்ணு, மருந்தே இல்லாத மாத்திரைய எதுக்குங்க எங்களுக்குத் தர்றீங்க?”

“எல்லாருக்கும் இல்லீங்க. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்பத்தானுங்க நோய் மருந்துனால குறையுதா, தானாவே குறையுதான்னு தெரியும்.”

“ஆருக்கு எதுன்னு டாக்டருக்குத் தெரியுமுங்களா?”

“தெரியாதுங்க.”

“உங்களுக்கு?”

“எனக்கும் தெரியாதுங்க.”

தெய்வாத்தாள் பக்கத்து நாற்காலியில் இருந்த செல்லத்தாயைப் பார்த்தாள். செல்லத்தாய் உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கேட்டாள்:

“அப்ப யாருக்குத்தாம்மா தெரியும்?”

“கம்ப்யூட்டர்தாங்க பிரிச்சுப் போடுது. ஒவ்வொருத்தர் நம்பருக்கும் ஒரு கவர் ஒட்டி பீரோவுல வெச்சிருக்கோம். உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் பிரிச்சுப் பாக்கலாம்.”

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஆடி மாதம். பதில் சொல்லிக்கொண்டிருந்த தமிழ்மதிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், புது மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் பிரிவில் வேலை. பதினெட்டுப் பக்கத் தாளை வரி வரியாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கேட்ட இருவரும் திருப்பூர் வீரபாண்டியில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். இருவருக்கும் ஒரே வியாதி, மூட்டு வாதம். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. தெய்வாத்தாள் ஓவர்லாக் மெஷினில் தைத்தவள். துணியை நகர்த்தக் கை வராமல் போய் இரண்டு வருஷமாக பனியன் மடித்துக்கொண்டிருந்தாள். செல்லத்தாய் செக்கிங். தைத்து வந்த பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அந்த ஸ்டிக்கரை உரிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“காசில்லாம ரத்தம் பாக்கிய, பஸ்ஸுக்கும் குடுக்கிய. மருந்துக் கம்பெனிக்காரனுக்கு இதுல என்ன லாபம்?” என்றாள் செல்லத்தாய்.

“மருந்து ஜெயிச்சா லாபங்க. தோத்தா போட்டதெல்லாம் போச்சு. மனுசங்களுக்குக் குடுத்துப் பாக்கற கட்டத்துக்கு வர்ற பத்து மருந்துல ஒண்ணு கடைக்குப் போனாலே பெரிய விசயம். இந்த ஒரு மாத்திரைக்குப் பத்து வருசமா செலவு பண்ணிட்டிருக்காங்க. நூத்துக்கணக்கான கோடி.”

“பத்துப் பீஸுல ஒம்போது ரிஜெக்டுங்களா?” தெய்வாத்தாள் வாயில் கை வைத்தாள். “எங்க கம்பெனில அப்பிடி ஆச்சுன்னா மேனேசரு ஊரைக் காலி பண்ணீட்டுப் போயிருவாருங்க.”

தமிழ்மதி சிரித்தாள். பிறகு தாளைத் திருப்பினாள். “வயித்து வலி வரலாம். முடி கொட்டலாம். அபூர்வமா சிலருக்குக் கல்லீரல் கெடலாம்னு போட்டிருக்குங்க. அதுக்குத்தான் மாசாமாசம் ரத்தம் எடுக்கறோம். இன்னொண்ணு, உங்க மாத்திரைய வேற யாருக்கும் குடுக்கக்கூடாது. மீதியைக் கொண்டாந்து எண்ணிக் காட்டோணும். யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க. ஊட்டுல கேட்டுட்டு வந்துகூடப் போடலாம்.”

“ஊட்டுல கேட்டா விரலு மடங்கீருங்களா?” என்று தெய்வாத்தாள் பேனாவை வாங்கினாள். பேனாவைப் பிடிக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது.

செல்லத்தாயும் போட்டாள். வெளியே வந்ததும் சொன்னாள்:

“டாக்டருக்கே தெரியாதாம்லா. பச்சப்புள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லுது.”

* * *

புரட்டாசி பிறந்தபோது தெய்வாத்தாள் மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, முதல் நாளே நூறு பனியனுக்குத் தோள் தையல் போட்டாள். செல்லத்தாய்க்கு ஒரு மாற்றமும் இல்லை.

மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தெய்வாத்தாள் தனியாக இருந்தாள். அவள் வீட்டை ஒட்டிய லைன் வீட்டில்தான் செல்லத்தாயும் அவள் புருஷன் இசக்கிமுத்துவும் குடியிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெய்வாத்தாள் குடத்தை ஒரே கையால் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“ஒத்தக் கையில தூக்குதியளே அக்கா.”

“சித்த பரவால்ல அம்மிணி.”

“சித்தயா? போன மாசம் ஒங்க குடத்துக்கு ஒரு பக்கம் பிடிச்சது யாரு? நாந்தான? இன்னைக்கு எங்குடத்துக்குப் பிடிக்க ஆளக் காணும்.”

தெய்வாத்தாள் தன் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து அவள் குடத்தைத் தூக்கினாள்.

“ஒங்களுக்கு அசலு. எனக்கு வெறும் மாவு.”

“கம்ப்யூட்டரு பிரிச்சுப் போடுதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சல்ல?”

“கம்ப்யூட்டருக்கு ஊரு பேரு தெரியாதாக்கும்? நீங்க இந்தப் பக்கத்துக்காரவுக. டாக்டரும் இந்தப் பக்கம். நாங்க சங்கரன்கோயில்ல இருந்து மூட்டை கட்டிட்டு வந்தவுக. நல்லதக் கொண்டுபோய் எங்களுக்கா குடுப்பாவ?”

“அப்பிடியெல்லாம் பேசாத.”

“பேசலக்கா. நெனைக்கேன். நெனைக்கவும் கூடாதா?”

தெய்வாத்தாளுக்கு ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாள் நினைவுக்கு வந்தது. அன்று டாக்டர் சரவணக்குமார் அவளிடம் எந்த ஊர் என்று கேட்டார். பிறந்தது மூலனூர் என்றாள். அங்கே தன் அத்தை வீடு இருக்கிறது என்று சிரித்தார். செல்லத்தாயிடம் ஊர் கேட்டாரா? கேட்கவில்லை. அதை இப்போது நினைத்தால் தெய்வாத்தாளுக்கே என்னவோ போல இருந்தது. செல்லத்தாயிடம் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் பேக்கிங் பக்கம் போனபோது ஊதா பனியன் இரண்டு குவியலாகக் கிடந்தது. சாயப்பட்டறையில் இரண்டு லாட்டாக, அதாவது இரண்டு தடவையாகச் சாயமேற்றிய துணி. ஒரு லாட் கொஞ்சம் வெளுப்பு. இப்படி வந்தால் திருப்பூரில் யாரும் பதற மாட்டார்கள். இரண்டு லாட்டையும் ஒவ்வொரு பெட்டியிலும் பாதிப் பாதி கலந்து போடுவார்கள். எந்தக் கடைக்கும் முழுப் பெட்டி வெளுத்ததாகப் போகாது. யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள்.

சாயங்காலம் தெய்வாத்தாள் லைன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“செல்லா, உன்ற மாத்திரை டப்பாவக் கொண்டா.”

“எதுக்கு?”

“ரெண்டையும் ஒட்டுக்காக் கொட்டிக் கலந்துரலாம். பேக்கிங்குல பண்ற மாதர. உனக்கும் பாதி அசலு, எனக்கும் பாதி அசலு. பொறவு நீ என்னையப் பாத்து மூஞ்சியத் திருப்ப வேண்டாமல்ல?”

“ஒங்களுக்கு நட்டம்லா?”

“கெடக்குது போ. பாதி மருந்துல மெஷினு ஓட்டுனாப் போதும் எனக்கு.”

“வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோமே.”

“நீயென்ன வேத்தாளா? அதே தாளுல நீயும்தான கையெழுத்துப் போட்டிருக்கற?”

செல்லத்தாய் யோசித்தாள். அதுவும் சரியாகத்தான் பட்டது.

பேப்பர் விரித்து இரண்டு டப்பாவையும் கொட்டினார்கள். கலக்கும் முன் செல்லத்தாய் இரண்டு குவியலிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினோரு வருஷம் செக்கிங் பார்த்த கண்.

“ஒரு புள்ளி வித்தியாசம் இல்லக்கா. நம்ம சாயப்பட்டறைக்காரன் இவங்கிட்ட வந்து படிக்கணும்.”

கலந்ததைத் தெய்வாத்தாள் வீட்டு எவர்சில்வர் டப்பாவில் போட்டார்கள். காலையில் ஆளுக்கொன்று, ராத்திரி ஆளுக்கொன்று. கோயம்புத்தூர் போகிற நாளில் மீதியை எண்ணி இரண்டு பங்காக அவரவர் டப்பாவில் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். தமிழ்மதி தட்டில் கொட்டி எண்ணினாள்.

“கரெக்டுங்க. எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்லீங்க.”

திரும்பும்போது பஸ்ஸில் பல்லடம் தாண்டுகிற வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும்.

ஐப்பசியில் செல்லத்தாய் தானே தலை பின்னிக்கொண்டாள்.

* * *

கார்த்திகையில் கம்பெனியில் வெள்ளை பனியன் ஓடிக்கொண்டிருந்தது. தையல் சரியில்லாத பீஸ்களைச் செல்லத்தாய் ஒரு கட்டாகத் தூக்கி வந்து தெய்வாத்தாளின் மெஷின் மேல் போட்டாள்.

“பதினோரு பீஸுக்குத் தோள் விட்டிருக்கு. தூங்கிக்கிட்டே தைச்சியளோ?”

“என்றதா இருக்காது. காட்டு.”

செல்லத்தாய் ஒன்றை விரித்து விளக்குக்கு நேரே பிடித்துக் குனிந்தாள். தெய்வாத்தாள் தையலைப் பார்க்க நிமிர்ந்தவள் அவள் முகத்தைப் பார்த்தாள். பனியன் வெள்ளை. அதை ஒட்டியிருந்த கண் வெள்ளையாக இல்லை.

“செல்லா, கண்ண நல்லாத் தொறந்து பாரு.”

“தூக்கமில்லக்கா.”

“தூக்கமில்லீன்னா செவக்கும். இது மஞ்ச.”

செல்லத்தாய் சட்டென்று பனியனை மடித்தாள். “சத்தமாச் சொல்லாதிய. நாலு நாளா சோறு எறங்கல. ஒண்ணுக்கும் மஞ்சளாத்தான் போகுது. சூடுன்னு நெனச்சேன்.”

“இன்னைக்கே அவியகிட்டப் போகோணும்.”

“போறேன். நம்ம கலந்ததப் பத்தி வாயத் தொறக்காதிய. தொறந்தா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருவாவ.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை இசக்கிமுத்து அவளைக் கோயம்புத்தூர் கூட்டிப் போனான். போனதும் படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

* * *

வெள்ளிக்கிழமை மாற்றுத்துணி எடுக்க வந்த இசக்கிமுத்து தெய்வாத்தாள் வீட்டுக்கு வந்து நின்றான். சாயப்பட்டறையில் வேலை, அவன் நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும்.

“என்னப்பா சொல்றாங்க?”

“என்னத்தச் சொல்லுதாவ. கவர்னு ஒண்ணு வச்சிருந்தாவள்லா, அத உள்ள போய்ப் பிரிச்சிட்டு வந்தாவ. இவளுக்குக் குடுத்தது வெறும் மாத்திரையாம். மருந்தே கிடையாதாம். அதனால காமாலைக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லங்காவ.”

“பின்ன எதுனாலயாம்?”

“தண்ணி கெட்டிருக்கலாம், இல்லன்னா நாட்டு மருந்து ஏதாவது குடுத்திருப்பீங்கங்காரு அந்த டாக்டரு. கீழாநெல்லிகூட அரைச்சுக் குடுக்கல நான். ‘மறைக்காமச் சொல்லுங்க, மறைக்காமச் சொல்லுங்க’ன்னு நாலு தடவ கேட்டாரு. யாரு மறைக்கா அக்கா? நானா, அவுகளா?”

இசக்கிமுத்து பையைக் கீழே வைத்தான்.

“ஒண்ணு யோசிங்க. தின்னது மாவுன்னா ஐப்பசியில இவ கை எப்படி மடங்குச்சு? தானா தலை பின்னினாள்லா? அதக் கேட்டேன். மனசு நம்பினா அப்படி ஆகுமாம். மனசு நம்பினா முட்டு வீக்கம் வத்துமாக்கா? கவர மாத்திட்டாவ. கோடிக்கணக்குல கொட்டி எடுத்த மருந்து. ஒரு பனியன் கம்பெனிக்காரிக்குக் காமாலைன்னு அத விட்டுருவானா? நான் வக்கீலப் பாக்கப் போறேன்.”

“அவசரப்படாதப்பா.”

“நீங்களும் அதத்தான தின்னிய? ஒங்களுக்கு ஒண்ணும் பண்ணலியா?”

“இல்ல.”

“அது ஏன் ஒங்களுக்குப் பண்ணல?”

அவன் சும்மா கேட்டானா, வேண்டுமென்றே கேட்டானா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கவரில் இருந்தது உண்மை என்று தெய்வாத்தாளுக்குத் தெரியும். செல்லத்தாயின் கையை மடக்கியது எது என்றும் தெரியும். சொன்னால் என்ன ஆகும்? தன் மாத்திரையும் போய்விடும். மறுபடி மடிக்கிற மேஜை. சொல்லாவிட்டால்? ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். நிறுத்தினால் காமாலை தானாக இறங்கும். இறங்கிய பிறகு சொல்லி என்ன, சொல்லாமல் என்ன? இப்படிப் போனது அவள் கணக்கு. அன்று காலையிலும் எவர்சில்வர் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்கியிருந்தாள்.

* * *

ஞாயிற்றுக்கிழமை மோர் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலில் தமிழ்மதி நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“இறங்குதா கண்ணு?”

“இல்லீங்க. காமாலை அளவு வந்தன்னிக்கு எட்டு. இன்னைக்குப் பதினாலு. நமக்கெல்லாம் ஒண்ணுகூட இருக்காது. கிருமி இருக்கான்னு எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, எதுலயும் ஒண்ணுமில்ல. ஏன் ஏறுதுன்னே புரியலீங்க. இப்படியே ஏறினா நெனப்புத் தடுமாற ஆரம்பிச்சுரும். அப்புறம் யார் கையிலயும் இல்ல.”

“மாத்திரைய நிறுத்தீட்டீங்கல்ல?”

“அன்னிக்கே நிறுத்தியாச்சு. நிறுத்தினாலும் நிறுத்தாட்டியும் ஒண்ணுதானுங்க. அதுல மருந்தே இல்லீங்களே.”

செல்லத்தாயின் முகம் மஞ்சள் பூசிக் குளித்தது போல இருந்தது. குரல் மட்டும் பழைய குரல்.

“திரைய இழுத்து விடுங்கக்கா. கொண்டாந்தியளா?”

“மோரு கொண்டாந்தேன்.”

“மோரு யாருக்கு வேணும்? மாத்திரை.”

“எந்த மாத்திரை?”

“திங்கக்கிழமை சாயங்காலமே ஒங்க டப்பாவுல இருந்து எடுத்து முந்தியில முடிஞ்சுட்டு வந்தேன். பன்னெண்டு. இன்னைக்குக் காலையோட சரியாப் போச்சு.”

தெய்வாத்தாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “இன்னும் அதத் திங்கறயா?”

“பின்ன? டாக்டரே பிரிச்சுப் பாத்துட்டு, மாத்திரையில கெடுதல் இல்லன்னுட்டாரு. அதுல ஒங்களோடது பாதி இருக்குன்னு அவுகளுக்குத் தெரியாது. அதுலதான என் கை மடங்குது? இங்க படுத்திருந்து கை பழையபடி ஆயிட்டுன்னா, நாளைக்கு யாரு வேலை தருவா?”

“அடிப் பாவி. என்றதுலதான் மருந்து இருக்குது. அதுதான் உன்னைய இப்பிடிப் பண்ணுது.”

“ஒங்களுக்கு ஏன் பண்ணல? ஒரே டப்பாவுல எடுத்துத்தான ரெண்டு பேரும் தின்னோம்?”

தெய்வாத்தாள் மோர்ப் பாத்திரத்தை அவளிடம் நீட்டினாள்.

“தர மனசில்லன்னா சொல்லிருங்க,” என்றாள் செல்லத்தாய். “ஒங்களோடதுதான் அசல்னு இப்பக் கவரே சொல்லிட்டுல்ல. இனி எதுக்குப் பங்குன்னு தோணுது ஒங்களுக்கு.”

“அப்பிடியா நெனைக்கற?”

“வேற எப்படி நெனைக்க? மோரத் தூக்கிட்டு வந்திருக்கிய.”

தெய்வாத்தாள் மோரை ஸ்டூலில் வைத்தாள். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தமிழ்மதி இன்னும் அங்கேதான் நின்றிருந்தாள்.

“கண்ணு, டாக்டரப் பாக்கோணும். இப்பவே.”

* * *

“ஒரு தப்பு நடந்துபோச்சுங்க சாமி. நாங்க ரெண்டு பேரும் கலந்துட்டோமுங்க.”

டாக்டர் சரவணக்குமார் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை. “எதைக் கலந்தீங்க?”

“மாத்திரையைங்க. அவளதையும் என்றதையும் ஒரே டப்பாவுல கொட்டி. பேக்கிங்குல ரெண்டு லாட்டு துணி வந்தா அப்பிடித்தானுங்க பண்ணுவோம்.”

பேனா நின்றது. “எப்ப இருந்து?”

“பொரட்டாசியில இருந்துங்க.”

“நான் எண்ணினேன் சார்,” என்றாள் தமிழ்மதி. “ஒவ்வொரு தடவையும் எண்ணினேன். கரெக்டா இருந்துது.”

“கரெக்டாத்தான் இருக்கும் கண்ணு. நாங்களும் எண்ணித்தான போட்டோம்.”

டாக்டர் எழுந்துவிட்டார். “கடைசியா எப்ப சாப்பிட்டாங்க?”

“இன்னைக்குக் காலையிலைங்க. முந்தியில முடிஞ்சு வெச்சிருந்தா.”

அவர் வார்டுப் பக்கம் ஓடினார். டாக்டர் ஓடி தெய்வாத்தாள் பார்த்ததில்லை. அங்கிருந்து நர்ஸ்களின் சத்தமும், நடுவில் செல்லத்தாயின் கத்தலும் கேட்டன. “காட்டிக் குடுத்துட்டாளா? காட்டிக் குடுத்துட்டாளா அந்தப் பொம்பளை?”

அரை மணி நேரம் கழித்துத்தான் டாக்டர் திரும்பினார். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஏம்மா முதல்லயே சொல்லலை?”

“நீங்க நிறுத்தீட்டீங்கன்னு நெனச்சேனுங்க. பொறவு… சொன்னா என்றதையும் புடுங்கிக்குவீங்கன்னுங்க.”

தெய்வாத்தாளுக்கு இனி மறைக்க எதுவும் இல்லை. மனதில் இருந்ததையும் கேட்டுவிட்டாள்.

“நானும் ஒண்ணு கேக்கறேனுங்க சாமி. என்ற ஊரு கேட்டீங்களே, அதுக்காகத்தான் எனக்கு அசல் மாத்திரையத் தந்தீங்களா?”

“ஊரா? எந்த ஊருங்க நீங்க?”

தெய்வாத்தாள் அவரையே பார்த்தாள். அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. இந்த ஒன்றை அன்றைக்கே நேராகக் கேட்டிருந்தால் எவர்சில்வர் டப்பாவே வேண்டியிருந்திருக்காது.

“ஒண்ணு தெரிஞ்சுக்குங்க,” என்றார் டாக்டர். “வெறும் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் காமாலை வந்திருக்குன்னு நேத்து நான் மருந்துக் கம்பெனிக்கு எழுதிட்டேன். அப்படின்னா என்ன அர்த்தம்? நாளைக்கு வேற ஊர்ல மருந்து சாப்பிட்ட ஒருத்தருக்குக் காமாலை வந்தா, ‘வெறும் மாத்திரையிலயும்தான் வந்துது, மருந்து மேல பழி போடாதீங்க’ன்னு இந்தத் தாளைக் காட்டுவாங்க. இவங்க ஒருத்தரோட போயிருக்காது.”

“இப்ப மாத்தி எழுதலாமுங்களா?”

“எழுதித்தான் ஆகணும். உங்க கவரையும் பிரிக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்.”

“பத்து வருசச் செலவுன்னு இந்தப் புள்ள சொல்லுச்சுங்க. எங்களால எல்லாம் போயிருங்களா?”

“போனாலும் போகும். எத்தனை பேருக்கு இப்படி வருதுங்கறதைப் பொறுத்து இருக்கு. அதை நானும் நீங்களும் முடிவு பண்ண முடியாது.”

“நிசமாவே எழுதுவீங்களா சாமி? அவிய போட்ட காசுக்கு விடுவாங்களா?”

டாக்டர் முதன்முறையாகக் கோபப்பட்டார். “அந்தச் சந்தேகம் இருந்தா இங்கயே உக்காருங்க. உங்க முன்னாடியே எழுதறோம். தமிழ்மதி படிச்சுக் காட்டட்டும்.”

தெய்வாத்தாள் உட்கார்ந்தாள். போகிறேன் என்று சொல்லவில்லை.

தமிழ்மதி எழுத எழுத வாசித்துக் காட்டினாள். பேருக்குப் பதில் நம்பர்தான் இருந்தது. செல்லத்தாய் பதினேழு, தெய்வாத்தாள் பதினெட்டு.

“பதினேழும் பதினெட்டும் கலந்துக்கிட்டாங்கன்னு போட்டிருக்கேனுங்க.”

“கலக்கச் சொன்னது பதினெட்டுன்னு போடுங்க. பதினேழு மேல எழுதீராதீங்க.”

தமிழ்மதி சேர்த்து எழுதினாள்.

“உங்க வேலைக்கு ஏதாவது ஆகுங்களா கண்ணு?”

“தெரியலீங்க. பம்பாயில இருந்து மருந்துக் கம்பெனி ஆளுங்க வருவாங்க. எண்ணினது நான்தானே, கேப்பாங்க.”

தெய்வாத்தாளின் கையிலிருந்தும் ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் முடிவு வந்தது. ஒரு குறையும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றாள் தமிழ்மதி.

“அப்ப நானாவது திங்கலாமுங்களா?”

“இல்லீங்க. இன்னையோட நிறுத்தோணும். இனி உங்களுக்கு என்ன ஆனாலும், ஆகாட்டியும், எதுனாலன்னு யாரும் நம்ப முடியாதுங்க.”

மறுநாள் எவர்சில்வர் டப்பாவில் மிச்சமிருந்ததை ஒரு காகிதக் கவரில் கொட்டி அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தாள்.

* * *

மாத்திரை நின்ற நான்காம் நாள் காமாலை பதினாறில் நின்றது. ஆறாம் நாள் இறங்கத் தொடங்கியது. பத்தொன்பது நாள் படுத்திருந்து செல்லத்தாய் வீடு வந்தாள். இசக்கிமுத்து வக்கீலைப் பார்க்கவில்லை. ஆனால் மாத்திரையைக் கலந்ததால்தான் என்று சொன்னதை நம்பவும் இல்லை. தெய்வாத்தாளை ஆஸ்பத்திரிக்காரர்கள் கைக்குள் போட்டுக்கொண்டார்கள், அவளுக்கு மட்டும் தனியாக மாத்திரை வருகிறது என்று லைன் வீட்டில் பேச்சு.

தை மாதம் செல்லத்தாய் வேலைக்கு வந்தாள். கையால் ஸ்டிக்கர் உரிக்க வரவில்லை, பல்லால் உரித்தாள். செக்கிங் மேஜையின் அந்தக் கோடியில்தான் பனியன் மடிக்கிற இடம். தெய்வாத்தாள் இப்போது அங்கேதான் இருந்தாள். ஒரு வாரம் அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எட்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், ஆள் குறைந்ததும், தானாகவே பேசினாள்.

“மெஷினு என்னாச்சு?”

“உட்டுட்டேன்.”

“ஏன்?”

“தைக்க வரல.”

“தனியாத் தாராவன்னு சொன்னாவ?”

“ஆரு சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்லுதாவ. பொங்கலுக்கு முந்தி கோயமுத்தூரு போனியளாம்லா.”

“ரத்தம் எடுக்கக் கூப்பிட்டாங்க, போனேன். அந்தத் தமிழ்மதிப் புள்ளைய வேற பக்கம் மாத்தீட்டாங்களாம். உன்னைய விசாரிச்சதாச் சொன்னாங்க.”

“மாத்திரை தரல?”

“தரல.”

“சத்தியமா?”

“சத்தியம் பண்ணுனா நம்புவயா?”

“மாட்டேன்,” என்றாள் செல்லத்தாய். “கையக் காட்டுங்க.”

தெய்வாத்தாள் மடித்துக்கொண்டிருந்த பனியனை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். செல்லத்தாய் தன் வீங்கிய விரல்களால் அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நடுவிரல் முட்டியை ஒரு அழுத்து அழுத்தினாள்.

“யம்மா! உடு புள்ள!”

செல்லத்தாய் விடவில்லை. அடுத்த விரலை அழுத்தினாள். அதற்கடுத்ததையும் அழுத்தினாள். தெய்வாத்தாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“போதுமா?”

“இருங்க,” என்றாள் செல்லத்தாய். “அந்தக் கையையும் காட்டுங்க.”